நெடியோரும் குறியோரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் நின்று பேசுதற்குரிய மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் என்னை இதில் ஏற்றியது உங்கள் அன்பே அன்றி வேறில்லை. பெரும்பொருள் எதனையும் யான் தொடப்போவதில்லை. மனிதரின் உயரம் என்னும் எளிய பொருளைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றேன். கதைகளிலே வரும் நெடிய உருவங்கள் சிலவற்றையும், மண்ணிலே வாழ்ந்த நெடிய மாந்தர் சிலரையும் உங்கள் முன் நிறுத்தி, அவர்களிடமிருந்து நம் காலனிக் குடும்பங்கள் கற்றுக்கொள்ளத்தக்கது யாதென்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். நற்குணம் உடையாரை 'உயர்ந்தோர்' என்கிறோம், 'மேலோர்' என்கிறோம். இழிந்த எண்ணத்தைக் 'குறுகிய புத்தி' என்கிறோம். நாம் குடிவந்து வாழும் இச்சேரநாட்டை ஆண்ட பேரரசன் ஒருவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். மதுரையில் நெடுஞ்செழியன், தகடூரில் நெடுமான் அஞ்சி. 'நெடியோன்' என்ற பெயரால் பாண்டிய வேந்தன் ஒருவனைப் புறநானூறு குறிக்கின்றது. அப்பெயரே திருமாலுக்கும் உரியது. இவ்வேந்தரெல்லாம் உடலால் நெடியவரா என்பதை யார் அளந்து பார்த்தார்? புகழின் நீளத்தையே உடலின் நீளமாகக் காட்டிற்று மொழி. அவ்வளவே. ஆயினும் சொல் பழகப் பழக, உயரம் வேறு, உயர்வு வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த மறதியைப் போக்குவதற்கே நம் முன்னோர் சில கதைகளையும் சொல்லி வைத்தனர் போலும்.

அவற்றுள் தலையாய கதைக்குரிய இடம் நமக்கு வெகு அண்மையில் உள்ளது. கலூரில் மெட்ரோ வண்டி ஏறி இடப்பள்ளியில் இறங்கினால், அங்கிருந்து சிறிது தொலைவில் திருக்காக்கரை. இதனைத் திருக்காட்கரை என்று போற்றி நம்மாழ்வார் திருவாய்மொழியில் பதினொரு பாசுரங்கள் பாடியுள்ளார். பிழைப்புக்காக நாம் இந்நாட்டுக்கு வருவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் தமிழ் இங்கு வந்து பாடி நின்றது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நிறைகின்றதன்றோ? மாவலி மன்னனிடம் குறள் உருவில் வந்து மூவடி மண் இரந்தவன், ஓரடியால் நிலத்தையும் மற்றோரடியால் வானத்தையும் அளந்து, மூன்றாமடிக்கு இடமின்றி மன்னன் தலைமேல் வைத்த வரலாற்றை இவ்வூரோடு சேர்த்தே மலையாள மக்கள் போற்றுகின்றனர். அம்மாவலி ஆண்டுக்கொருமுறை தன் குடிகளைக் காண வரும் நாளே திருவோணம் என்பது அவர்கள் நம்பிக்கை. மாயோனுக்குரிய ஓணநன்னாள் மதுரையில் கொண்டாடப்பட்டதை மதுரைக்காஞ்சியும் கூறுகின்றது.

இக்கதையில் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. வாயிலில் வந்து நின்றவன் குள்ளன், கொடுப்பவன் பேரரசன். குருவாகிய சுக்கிரன் தடுத்தும் மாவலி கொடுத்தான். வந்தவனின் உருவச் சிறுமையைக் கண்டு இகழ்ந்து விரட்டாமையே அவன் பெருமை. அதன் பின்னரே குறளன் நெடியோனாக வளர்ந்தான். வளர்ந்தவன் பின் என்னவானான் என்பதை ஓணக்காலத்தில் நம் கடைத்தெருவிலே காணலாம். களிமண்ணால் ஒரு சாண் அளவிற் கூம்பாகச் செய்து, 'திருக்காக்கரையப்பன்' என்று பெயரிட்டு விற்கின்றனர். வாங்கிச் சென்று வீட்டு முற்றத்துப் பூக்கோலத்தின் நடுவே வைக்கின்றனர். வானை அளந்தவன் சிறு குழந்தையின் கையிலும் அடங்கி வருகின்றான். காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாளோ ஏறத்தாழ 35 அடி உயரம் நிமிர்ந்து நிற்கின்றார். இரண்டும் ஒருவனையே குறிக்கும் உருவங்கள். வழிபடுவோர்க்குப் பேதம் இல்லை.

திருக்கோவலூரிலும் உலகளந்த பெருமாள் கோயில் கொண்டுள்ளார். முதலாழ்வார் மூவரும் அங்குச் சந்தித்த கதை நீங்கள் அறிந்ததே. மழை இரவு, ஒரு சிறிய இடைகழி. பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்தபோது, மூவர் நிற்கலாம் என்று மூவருமாக நின்றனர். பின்னர் நான்காமவர் ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தனர். நெருக்கியவர் யார்? உலகெல்லாம் போதாதென்று அடி வைத்த அந்த நெடியோனே! இடம் சிறிதாயினும் மனம் விரிந்தவர் நடுவில் நெடியோனுக்கும் இடமுண்டு என்பது இக்கதையின் பொருள். இரண்டு அறைக் குடியிருப்பில் ஊரிலிருந்து வரும் உறவினர் எண்மருக்குப் பாய் விரிக்கும் நம் தாய்மார்களுக்கு இதனை யான் விளக்க வேண்டுவதில்லை!

இனி அரக்கர் பக்கம் வருவோம். பழநிக்குச் சென்றவர் அனைவரும் இடும்பனை அறிவர். அகத்திய முனிவரின் ஏவலால் சிவகிரி, சத்திகிரி என்னும் இரு மலைகளைத் தண்டின் இருபுறமும் கட்டித் தோளில் சுமந்து தெற்கே வந்தான் அவன். வழியில் இளைப்பாற இறக்கி வைத்தவன் மீண்டும் எடுக்க முயன்றபோது மலை அசையவில்லை. மேலே கோவணத்துடன் ஒரு சிறுவன் நின்றான். போர் மூண்டது, மலை சுமந்த அரக்கன் அச்சிறுவன் முன் வீழ்ந்தான். பின்னர் முருகன் அருளால் உயிர் பெற்று, காவடி எடுப்பார்க்கெல்லாம் முன்னோடியும் ஆனான். இக்கதையில் ஆணையிட்டவர் யார்? குறுமுனி. வென்றவன் யார்? சிறுவன். சுமந்தவன் மட்டுமே நெடியவன். ஆயினும் அவனைத் தமிழர் வெறுத்தாரில்லை. பழநி மலைப்படியிலே அவனுக்குச் சந்நிதி அமைத்து, காவடியோடு செல்வோர் அவனை வணங்கிய பின்னரே மேலேறுகின்றனர்.

இத்தகைய கதை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டா. கடல் கடந்த சப்பான் நாட்டிலே 'தைதரபொச்சி' என்னும் பேருருவனைப் பற்றிப் பல ஊர்களிலும் கதைகள் வழங்குகின்றன. மண்ணைத் தோண்டிக் குவித்து அவன் பியூஜி மலையை ஆக்கினானாம். தோண்டிய பள்ளம் பீவா ஏரி ஆயிற்றாம். அவன் அடிச்சுவடுகளில் நீர் தேங்கிக் குளங்கள் ஆயினவாம். ஒருமுறை பியூஜி மலையும் சுக்குபா மலையும் எது கனமானது என்றறிய விரும்பி இரண்டையும் தூக்கி நிறுத்துப் பார்த்தான். சுக்குபா மலை கைதவறி விழுந்து உச்சி பிளந்தது. அதனாலேயே அம்மலைக்கு இன்றும் இரண்டு கொடுமுடிகள் என்பர். நம் இடும்பனும் சப்பானியப் பேருருவனும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவர்க்கும் இரண்டிரண்டு மலைகளையே தந்தது மக்கள் கற்பனை! தோளில் தண்டு வைத்து இருபுறமும் சுமை கட்டி நடந்த உழைப்பாளி இரு நாட்டிலும் உண்டு. தான் சுமந்ததைப் பெருக்கிப் பார்த்து அவன் படைத்த உருவங்களே இவை என்பது என் எண்ணம்.

விளங்காதவற்றிற்கு விடை காணவும் மக்கள் நெட்டுருவங்களை நாடினர். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'ஹிதாச்சி ஃபுதொக்கி' என்னும் சப்பானிய நூல் ஒரு சிப்பிமேட்டைக் கூறுகின்றது. குன்றின்மேல் இருந்தபடியே கடல்வரை கை நீட்டிச் சிப்பிகளை எடுத்துத் தின்ற பேருருவன் எறிந்த ஓடுகளே மேடாயின என்பது அந்நூல் தரும் செய்தி. மித்தோ நகரப் பகுதியில் உள்ள அம்மேட்டை ஆராய்ந்தவர்கள், கற்காலத்தில் அங்கே வாழ்ந்த சாதாரண மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு எறிந்த ஓடுகளே அவை என்று கண்டனர். நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இவ்வாறே. அங்குக் கிடக்கும் நீண்ட கற்றூண்களைக் காளி வதைத்த அசுரனின் எலும்புகள் என்று ஊரார் கூறிவந்தனர். அவை ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப் போன மரங்கள் என்பது நிலநூலார் முடிபு. பேருருவன் செய்தான் என்று கதை கூறியதை, ஓரிடத்தில் எளிய மக்களின் கைகளும் மற்றோரிடத்தில் காலமும் செய்திருக்கின்றன.

கதை இங்கே நிற்க. மெய்யாகவே நெடிய உடல் பெற்றுப் பிறந்த மனிதர் எங்ஙனம் வாழ்ந்தனர்? இதுவே நாம் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய பகுதி.

சப்பானில் குமாமோத்தோ பகுதியைச் சேர்ந்த ஓசொரா புசாயேமொன் என்பவர் 227 செ.மீ., அதாவது ஏழடி ஐந்தங்குல உயரம் இருந்தார். 1827 ஆம் ஆண்டில் அவருடைய நாட்டுத் தலைவர் அவரை எடோ நகருக்கு, இன்றைய டோக்கியோவிற்கு அழைத்துச் சென்றார். நகரே திரண்டு வேடிக்கை பார்த்தது. வத்தனாபே கசான் என்னும் ஓவியர் அவரை உள்ள உயரத்திலேயே வரைந்தார். அந்த ஓவியம் இன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் 1832 இல் நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார்.

அளந்து உறுதிசெய்யப்பட்ட மனிதருள் எல்லாரினும் உயர்ந்தவர் அமெரிக்கராகிய இராபர்ட் வாட்லோ. 1918 இல் இல்லினாய் மாநிலத்து ஆல்ட்டன் நகரில் பிறந்தார். பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போன்ற எடையே. எட்டு வயதில் தந்தையினும் உயர்ந்துவிட்டார். முடிவில் அவர் உயரம் 272 செ.மீ.; எட்டடி பதினோரங்குலம். நடப்பதற்குக் கால்களில் இரும்புத் தாங்கிகள் தேவைப்பட்டன; பாதங்களில் உணர்ச்சி குன்றியிருந்தது. ஒரு தாங்கி உராய்ந்து உண்டான கொப்புளம் அவருக்குத் தெரியவில்லை. அது சீழ்ப்பிடித்து, 1940 சூலை 15 அன்று அவர் உயிரையே மாய்த்தது. அப்போது அவருக்கு வயது 22. மலை தூக்கும் பேருருவன் கதையில். கொப்புளத்தால் மாளும் இளைஞன் வாழ்க்கையில். இவ்வேறுபாட்டை, இளைஞர்களே, மறவாதீர்கள்.

இத்தகைய மிகை வளர்ச்சிக்குக் காரணம் யாது? மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள ஒரு சுரப்பி இருக்கின்றது; அதனைப் பிட்யூட்டரி என்பர். வளர்ச்சிக்குரிய சுரப்புநீரை இரத்தத்தில் விடுவது அதுவே. அச்சுரப்பியில் சிறு கட்டி தோன்றினால் சுரப்பு அளவு கடக்கின்றது. எலும்புகளின் முனையில் உள்ள வளர்தகடுகள் மூடிக்கொள்வதற்கு முன் இது நேர்ந்தால், பிள்ளை வரம்பின்றி நெடுக வளர்கின்றான். மூடிய பின் நேர்ந்தால் உயரம் கூடாது. கையும் காலும் தாடையும் பருக்கின்றன. நெட்டுருவத்துக்கெல்லாம் இதுவே காரணமென்று கொள்ளலாகாது. பிற காரணங்களும் உண்டு. ஆயினும் பேருருவர் பலரை ஆக்கியது இப்பட்டாணிச் சுரப்பியே. இடும்பனை ஏவிய குறுமுனி நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அமர்ந்திருக்கின்றார் எனலாம்!

நோயைத் தாங்கியும் சிறந்தவர் உளர். 1938 இல் பிறந்த ஷோஹெய் பாபா, 209 செ.மீ. உயரமுடையவர், முதலில் பேஸ்பால் ஆட்டக்காரர், 1960 முதல் மற்போர் வீரர், 1972 இல் சொந்த மற்போர்க் கழகம் நிறுவி, 1999 இல் மறையும்வரை சப்பானிய மக்களின் அன்பைப் பெற்றிருந்தார். நம் நாட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். இமாசலப் பிரதேசத்துச் சிர்மௌர் மாவட்டச் சிற்றூரில் 1972 இல் பிறந்த தலீப் சிங் இராணா, ஏழடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். வறிய குடும்பம், கூலிவேலை செய்தார், காவலாளியாக நின்றார், பின்னர்ப் பஞ்சாப் காவல்துறையில் சேர்ந்தார். 2001 இல் சப்பானிய மற்போர் மேடையும் ஏறினார். 'காளி' என்னும் பெயரில் 2007 இல் உலகப் பட்டம் வென்ற அவரை நம் பிள்ளைகள் நன்கறிவர். 2012 இல் அமெரிக்காவில் அவருடைய பிட்யூட்டரிக் கட்டி அறுவை செய்து நீக்கப்பட்டது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

துருக்கி நாட்டு உழவராகிய சுல்தான் கோசெனின் உயரம் 251 செ.மீ. 2010 இல் அமெரிக்காவின் விர்ஜீனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கதிர்மருத்துவம் பெற்றார். அதன்பின் அவர் வளர்ச்சி நின்றது. வாட்லோவுக்கு வாய்க்காத மருத்துவம் இவருக்கு வாய்த்தது. 2014 நவம்பரில் இலண்டனில் இவரும், 54.6 செ.மீ. உயரமே உடைய நேபாளத்துச் சந்திர பகதூர் தங்கியும் கை குலுக்கினர். உலகின் மிக நெடியவரும் மிகக் குறியவரும் அருகருகே நின்ற அப்படத்தைக் கண்டவர் வியந்திருப்பர். ஆனால் எவருடைய அளவுக்கோ அமைந்த உலகில் நாள்தோறும் இடர்ப்படும் இருவர் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்ட நேரமாகவே யான் அதனைக் காண்கின்றேன்.

ஆம், இவ்வுலகம் நடுத்தர அளவினர்க்கென்றே அமைக்கப்பட்டது. யான் பணிபுரியும் பயணச்சீட்டுச் சாளரத்தையே பாருங்கள். ஒருநாள் வந்த பயணி ஒருவரின் சட்டைப் பொத்தான்கள் மட்டுமே எனக்குத் தெரிந்தன, முகம் தெரியவில்லை. சென்னைக்குச் சீட்டுக் கேட்டவர், மேல்படுக்கையா கீழ்ப்படுக்கையா என்று யான் வினவியதும் குனிந்து, "எதுவானாலும் முட்டியை மடக்கித்தான் படுக்கணும் சார்" என்று முறுவலித்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தனர். அவர் அச்சிரிப்புக்குப் பழகியவர்போல் தோன்றினார். பழகியிருந்தார் என்பதுதான் வருந்தத்தக்கது. அதே சாளரத்தில் குள்ளமான ஒருவர் வந்தால், ஒரு கையும் பணமும் மட்டுமே மேலெழும். அப்போதும் சிரிப்பு எழும். சாளரம் ஒன்றே; சிரிப்பும் ஒன்றே.

இனி நம் காலனிக்கு வருவோம். மாலையில் பிள்ளைகள் பந்தாடும்போது கேளுங்கள். ஒருவன் 'பனைமரம்', மற்றொருவன் 'கொக்கு', வேறொருவன் 'கட்டை', இன்னொருத்தி 'குள்ளக் கத்தரிக்காய்'. பெற்றோர் இட்ட அழகிய தமிழ்ப் பெயர்கள் பள்ளிப் பதிவேட்டில் மட்டுமே உறங்குகின்றன. அதுமட்டுமா? பெரியோராகிய நாமே, 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று பழமொழி சொல்லி மகிழ்கின்றோம். நெட்டையாக வளர்ந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று அவள் காது கேட்கவே பேசுகின்றோம். அவள் கூன்போட்டு நடக்கத் தொடங்குகின்றாள். பின்னர், நிமிர்ந்து நட என்று கடிந்துகொள்பவரும் நாமே!

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, பெற்றோர்க்கு. தாயும் தந்தையும் உயர்ந்தவராயின் பிள்ளையும் உயர்வது இயல்பு, அதற்கு அஞ்சவேண்டா. ஆனால் குடும்பத்தின் உயரத்தோடு பொருந்தாத வேகத்தில் ஒரு பிள்ளை வளர்ந்தாலும், காலணி அளவு விரைந்து விரைந்து மாறினாலும், அதனோடு தலைவலியோ பக்கப்பார்வை மங்கலோ சேர்ந்தாலும், 'நல்ல வளர்த்தி' என்று திருஷ்டி சுற்றிப் போட்டு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி தேங்கி நிற்கும் பிள்ளையையும் அவ்வாறே காலத்தில் காட்டுங்கள். எலும்பின் வளர்தகடு மூடிய பின்னர் வருந்திப் பயனில்லை. இரத்தச் சோதனையாலும் படச் சோதனையாலும் கண்டறிய இன்று வழியுண்டு. மூக்கின் வழியாகவே சென்று கட்டியை அகற்றும் அறுவையும், மருந்தும், கதிர்மருத்துவமும் உண்டு. பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுக்கொருமுறை வீட்டுச் சுவரில் தேதியிட்டுக் குறித்து வைத்தாலே போதும். வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். இதற்குச் செலவு ஒரு பென்சில்.

இரண்டாவது, இளைஞர்க்கு. உருவத்தைக் கண்டு எவரையும் இகழாதீர் என்று வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார்; பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர் எளிய உருவிலும் இருப்பர் என்பது அவர் கருத்து. இதனை உயரம் குறைந்தவர்க்கு மட்டுமே உரியதாகக் கொள்வர் பலர். உயரம் மிக்கவர்க்கும் அது பொருந்தும் என்பேன். நெடியோன் உலகளந்ததை வள்ளுவர் மறந்தாரல்லர். மடியின்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் அதனை நினைவூட்டி, அவன் அடியால் தாவியதனைத்தையும் சோம்பலற்ற மன்னன் ஒருங்கே எய்துவான் என்கின்றார். நெடிய கால் நமக்கு வேண்டுவதில்லை. சோம்பாத கை போதும் என்பதன்றோ இதன் பொருள்?

இச்சங்கத்தின் நூலகத்திலும் விழாமேடையிலும் பந்துத்திடலிலும் ஒவ்வொரு பிள்ளையையும் அவனவன் பெயர் சொல்லியே அழைப்பது என்று இவ்வாண்டு முதல் உறுதி கொள்வோமாக. அவ்வழக்கத்தைப் பெரியோராகிய நாமே தொடங்குவோமாக. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!